சேமியா ஐஸ் சாப்பிட்ட நாட்கள்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, எங்கள் அம்மாவைப் போல நல்ல அம்மா அண்ணாமலை நகரிலேயே கிடையாது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். திட்டமாட்டாள், வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்கமாட்டாள். சில நாள் சாயங்காலம் திடீரென்று எழுந்து, என் கையைப் பிடித்து, தெருமுனைக் கடைக்கு அழைத்துப்போய் சேமியா ஐஸ் வாங்கித் தருவாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கடை வாசலிலேயே நிற்பாள். ஒன்று முடிந்தால் கேட்காமலே இன்னொன்றும் கிடைக்கும். அதற்கு முந்தைய வருடம்வரை, ஐஸ் என்று வாயைத் திறந்தாலே முதுகில் ஒன்று விழும். அம்மா திருந்திவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மற்றவர்கள் பார்வையில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. தலைவலி, முதுகுவலி, நெஞ்சுப் படபடப்பு. படுத்தால் தூக்கம் வராது, விடிந்தால் எழுந்திருக்க முடியாது. சிதம்பரத்தில் இரண்டு டாக்டர், கடலூரில் மூன்று டாக்டர் பார்த்தாயிற்று. களைப்பாக இருக்கிறது என்று சொன்ன இடத்தில் எல்லாம் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இசிஜி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, எல்லாம் நார்மல். முதல் நார்மலுக்குச் சந்தோஷப்பட்ட அப்பா ஐந்தாவது நார்மலுக்குக் கோபப்பட்டார். கடலூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, நேர்ந்துகொண்டு அம்மாவை ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்கு அழைத்துப்போனாள். அம்மா போன மாதிரியே திரும்பி வந்தாள்.

அப்பா மாணவர் விடுதிகளுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மே மாதம் மாணவர்கள் ஊருக்குப் போய்விட, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர், அம்மாவின் ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, பிளாஸ்டிக் அட்டை போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்துவிட்டார். முதல் பக்கத்தில் அம்மாவின் பெயரும் வயதும் கொட்டை எழுத்தில். பொருளடக்கம்கூட இருந்தது. பாவம், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது.

அந்த வாரம் என் காலில் ஆணி குத்தியது. அம்மா என்னை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனாள். அப்பாவுக்கு அந்த இடத்தின்மேல் பெரிய மரியாதை இல்லை. ஆணி குத்தினால் போகலாம், அவ்வளவுதான். அங்கிருந்த இளம்வயது டாக்டரம்மா என் காலைப் பார்த்தபடியே அம்மாவையும் பார்த்தார்.

"பாப்பாவுக்குப் பயப்பட ஒண்ணுமில்ல. உங்களுக்கு என்னம்மா?"

"உடம்பு வலி மேடம். ஆறு மாசமா."

நாளைக்குக் கட்டு மாற்ற வரும்போது வீட்டில் இருப்பவர்களையும் அழைத்து வரச் சொன்னார்.

மறுநாள் அப்பா ஸ்பைரல் புத்தகத்தோடும், அத்தை எல்லா விவரங்களோடும் வந்தார்கள். எங்கள் குடும்பத்தில் நோயாளி பேசும் வழக்கமில்லை, கூட வந்தவர்கள்தான் பேசுவார்கள். "சாப்பாடு எறங்குதாம்மா?" என்று டாக்டர் அம்மாவைக் கேட்டால், "எங்க எறங்குது, ரெண்டு வாய்க்கு மேல வெக்கறதில்ல" என்பாள் அத்தை. தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் அப்பா பதினேழாம் பக்கத்தைப் புரட்டுவார். டாக்டர் புத்தகத்தை வாங்கி மூடிவைத்தார். "அழகாப் பண்ணியிருக்கீங்க சார். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வெளிய இருங்க."

ஓரத்துப் பெஞ்சில் நர்ஸ் எனக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். என்னை யாரும் ஆளாகவே கணக்கில் எடுக்கவில்லை.

"முன்னாடி ஆசையா செஞ்சது எதுனா இப்ப புடிக்காமப் போச்சா?"

அம்மா யோசித்தாள். "எது புடிக்கும்னே மறந்துபோச்சு மேடம்."

"இப்படி இருக்கறதுக்குச் செத்துடலாம்னு தோணுதாம்மா?"

நர்ஸின் கை என் காலில் அப்படியே நின்றது.

"தோணும். சாயந்திரமானா ஜாஸ்தியாத் தோணும். அப்ப இவளைக் கூட்டிக்கிட்டுக் கடைக்குப் போயிடுவேன். இவ ஐஸ் தின்னு முடிக்கறதுக்குள்ள கொஞ்சம் அடங்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐஸ் விஷயத்தைப் போய் டாக்டரிடம் சொல்லிவிட்டாளே, இனிமேல் ஐஸ் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுவாரே! டாக்டர் அப்படி எதுவும் செய்யவில்லை. "நீங்க செஞ்சது ரொம்ப நல்ல காரியம்மா" என்றார். அம்மா அழுதாள். அன்றைக்கு என் கவலை ஐஸைப் பற்றி மட்டும்தான்.

அப்பாவையும் அத்தையையும் உள்ளே கூப்பிட்டார்கள். "இது மனச்சோர்வு. சுகர், பிரஷர் மாதிரி இதுவும் வியாதிதான். குணமாவும். மாத்திரை வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆவும், நடுவுல நிறுத்தாதீங்க. அவுங்களைத் தனியா விடாதீங்க." கடலூரிலிருந்து வாரம் ஒருநாள் வரும் மனநல டாக்டரையும் பார்க்கச் சொன்னார். சாயங்காலம் ஐஸ் கடைக்குப் போவது எதற்கென்று அம்மாவையே அப்பாவிடம் சொல்லவைத்தார்.

"ஊசி போடலீங்களா?" என்றாள் அத்தை.

"வேணாம்மா."

ஊசி போடாத ஒருவரை டாக்டர் என்றே அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. முதல் இரண்டு வாரம் அம்மாவுக்கு வயிற்றைப் புரட்டியதுதான் மிச்சம். "நிறுத்திடுடா, இருக்கற உசிரும் போயிடப்போவுது" என்று அத்தை அப்பாவை அரித்தெடுத்தாள். அப்பா ஆடிப்போயிருந்தார். அந்த வாரம் நர்ஸ் ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்து, அம்மாவோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதன்பிறகு, "மூணு வாரம்னாங்கல்ல, இன்னும் ஆவல" என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். காலையில் கடையைத் திறக்குமுன் தானே மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுப்பார்.

நான்காவது வாரம் காய்கறி வண்டிக்காரர் நிறுத்துப் போட்ட கத்தரிக்காயைப் பார்த்து, "இன்னாப்பா, பாதி சொத்தையா இருக்குது" என்று அம்மா சண்டைக்குப் போனாள். அடுப்படியில் அத்தை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு நாள் கழித்து, வாய்ப்பாடு சொல்லத் தெரியாததற்கு என் முதுகில் ஒன்று விழுந்தது. நான் தெருவே கேட்கும்படி அழுதேன். அத்தை என்னைத் தேற்றாமல் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இந்த வீட்டில் எனக்கென்று யாருமில்லை என்று முடிவு செய்தேன். கடைக்குப் போவதும் குறைந்து, கடைசியில் நின்றே போனது.

அடுத்த முறை சுகாதார நிலையத்துக்குப் போனபோது டாக்டரிடம் நானே புகார் சொன்னேன்.

"மாத்திரை சரியில்ல டாக்டர். அம்மா என்னைக் கடைக்கே கூட்டிக்கிட்டுப் போறதில்ல."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எத்தனை நாளா?"

"ரெண்டு வாரமா."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவ்வளவு சொல்லியும் அந்த டாக்டர் அதே மாத்திரையைத்தான் எழுதினார்.

அம்மா மாத்திரை வாங்கும் வரிசையில் நிற்க, நான் வெளியே ஓடி, பைக்கில் காத்திருந்த அப்பாவிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். இந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை, வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். அப்பா என்னைத் தூக்கி முன்னால் உட்காரவைத்தார். அம்மா வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். அப்பா வண்டியைக் கிளப்பவே இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் முதுகில் கை வைத்திருந்தாள். எனக்குப் பசி. பெட்ரோல் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, டேங்க்கைத் தட்டிப் பார்த்தேன்.