வாங்க ஆயா

பள்ளிக்கூட வேனில் ஆயா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அந்த அம்மாவுக்கு ஒரு குழந்தையைக்கூட ஒழுங்காகத் தூக்கத் தெரியவில்லை. கண்ணாடிச் சாமானைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, எங்கே உட்கார வைப்பது என்று திகைத்து நின்றார். டிரைவர்தான் இறங்கி வந்தார்.

"இடுப்போட அணைச்சுத் தூக்குங்கம்மா. அப்பத்தான் கை வலிக்காது."

"விழுந்துட்டா?"

"அவங்கதான் உங்களைப் பிடிச்சுக்குவாங்க, பாருங்க."

அந்த டிரைவர் அதற்குமுன் பத்தொன்பது வருஷம் அந்த அம்மாவின் காரை ஓட்டியவர். அம்மா பெரிய துணிக் கம்பெனி முதலாளியின் மனைவி. கார்க் கதவைத் தன் கையால் திறந்தே பழக்கமில்லை. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எதிரே நிற்கும் ஆளுக்கும் ஒரு வீடு வாசல் இருக்கும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. டிரைவரின் மகள் பிறந்த அன்றுகூட, விருந்துக்கு நேரமாகிறது என்று அவரை விடவில்லை. மறுநாள் ஒரு பொம்மையைக் கொடுத்தனுப்பினார். பிள்ளையைவிட அது ஒரு சாண் உயரம். "உங்க மகாராணி கொடுத்த பொம்மைக்குத் தொட்டில் பத்தலை" என்று டிரைவரின் மனைவி வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டினாள்.

பிறகு எல்லாம் ஒரே வருஷத்தில் சரிந்தது. மலைபோல நம்பியிருந்த கூட்டாளி கையை விரித்தார். கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது, வீடு ஏலத்துக்குப் போனது, காரும் போனது. வாடகை அறைக்குக் குடிபோன மூன்றாம் மாதம், முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. அம்மா தன் அண்ணன் வீட்டுக்குப் போனார். அங்கே வந்த விருந்தாளியிடம் அண்ணி அவரை "தூரத்துச் சொந்தம்" என்று சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்த வாடகை அறைக்கே திரும்பிவிட்டார்.

கார் போன பிறகு நடந்ததெல்லாம் டிரைவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போயிருந்தார். ஒருநாள் மதியம் காலி வேனோடு வரும்போது, பஸ் நிறுத்தத்தில் அம்மா நிற்பதைப் பார்த்தார். பஸ் வந்தது, கூட்டம் முண்டியடித்து ஏறியது, அம்மா ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கும் அப்படித்தான். எல்லாரும் ஏறட்டும் என்று வழிவிட்டு வழிவிட்டே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். டிரைவர் வேனை நிறுத்தி, அவரை ஏற்றிக்கொண்டுபோய் அறை வாசலில் விட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்புறம், "உங்க வேன்ல ஆயா வேலையை விட்டு நின்னுட்டாங்கன்னு சொன்னீங்களே, இவங்களைக் கேட்டுப் பாருங்க" என்றாள்.

"அவங்களா? ஆயா வேலைக்கா?"

"ஏன், பசி ஆள் பாத்தா வருது?"

அம்மா மறுக்கவில்லை. "எத்தனை மணிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

வேலை மெல்லப் பிடிபட்டது. ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. பெரிய மனுஷர்களை வாசலில் நின்று வரவேற்ற வாய் அது. மூன்று வயதுப் பொடிசு மூக்கொழுக வந்து நின்றாலும், "வாங்க, வாங்க, உக்காருங்க" என்பார். அழுகிற பிள்ளைகூட அந்த மரியாதையில் அசந்துபோய் அழுகையை நிறுத்திவிடும். பிள்ளைகள் அவருக்கு 'வாங்க ஆயா' என்று பேர் வைத்துவிட்டன. டிரைவரை "டிரைவர்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், எப்போது என்று தெரியாமலே "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

இரண்டாம் வருஷம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குழந்தையின் விலாசத்தைப் பார்த்ததும் டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீடுதான். ஏலத்தில் போன வீடு.

"வேற வேனுக்கு மாத்தச் சொல்றேம்மா."

"வேண்டாம் தம்பி. குழந்தை என்ன பண்ணிச்சு?"

தினமும் காலையில் அம்மா இறங்கி, அந்த இரும்புக் கதவுக்கு வெளியே நின்று மணியடிப்பார். டிரைவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். குழந்தை ஓடி வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அப்படியே எட்டு மாதம் ஓடியது.

ஒரு மழை நாள், வீட்டுக்காரப் பெண்மணி மாடி ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். "ஆயா, கொஞ்சம் உள்ள வந்து இவளோட பையைத் தேடிக் குடுங்களேன். கீழ் ரூம்லதான் இருக்கு."

போனவர் திரும்ப வெகுநேரம் ஆனது. வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னாச்சும்மா?"

"ரூம் இருட்டா இருந்துச்சு தம்பி. லைட் சுவிட்ச் அலமாரிக்குப் பின்னால. கை தானாப் போய்ப் போட்டுடுச்சு. அந்த வீட்டுக்காரப் பொண்ணு இறங்கி வந்து பின்னாலயே நின்னுட்டிருந்தா. 'உங்களுக்கு எப்படித் தெரியும்'னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"எனக்குப் பொய் வரலை."

அந்தப் பெண்மணி சண்டை போடவில்லை, திட்டவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பதவிசாக ஒரு கடிதம் எழுதினாள்: எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது, வேறு ஆயாவை அனுப்புங்கள். அவ்வளவுதான். மறுவாரமே அம்மாவைச் சின்னப் பிள்ளைகளின் கழிப்பறைக்கு மாற்றிவிட்டார்கள்.

டிரைவர் கொதித்துப்போனார். "நான் வேலையை விட்டுடறேன். நம்ம என்ன திருடினோமா?"

"உளறாதீங்க. உங்க பொண்ணு காலேஜுக்குப் போகப் போறா." அம்மா ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "அந்த வீட்டுக்காரப் பொண்ணு இடத்துல நான் இருந்தா கடிதம்கூட எழுதியிருக்க மாட்டேன் தம்பி. ஒரே வார்த்தையில வேலையை விட்டே அனுப்பியிருப்பேன்."

 அது நிஜம் என்று டிரைவருக்கும் தெரியும்.

குழந்தை பத்து நாள்போல "வாங்க ஆயா எங்க?" என்று கேட்டது. பிறகு மறந்துவிட்டது.

அம்மா அங்கே மூன்று வருஷம் வேலை பார்த்தார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒருநாள் லீவு எடுத்ததில்லை. பாதம் வீங்கிக்கொண்டே வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மதியம் குழாயடியில் சாய்ந்துவிட்டார் என்று கேட்டு டிரைவர் ஓடினார். இடுப்போடு அணைத்துத் தூக்கியபோது கையில் கனமே தெரியவில்லை. காலி வேனில் படுக்க வைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான்கு நாள் டிரைவரின் மனைவிதான் பக்கத்திலிருந்து கஞ்சி ஊட்டினாள், தலை வாரிவிட்டாள். ஐந்தாம் நாள் விடியும்போது மூச்சு நின்றது.

தகவல் கிடைத்து மதியத்துக்குமேல் அண்ணன் வந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகை அடங்கியதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நீங்க... அவ வீட்டு டிரைவர்தானே?" என்று கேட்டார்.

"இல்லைங்க," என்றார் டிரைவர். "கூட வேலை பாத்தவன்."

 பிள்ளைகளை வீட்டுக்கு விடும் நேரம் நெருங்கியிருந்தது. மனைவியை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, டிரைவர் வேனை எடுக்கப் போனார்.