இல்லாத நாற்றம்

எனக்கு வாய் ஜாஸ்தி. யாருக்கு என்ன வந்தாலும் உடனே ஒரு காரணம் சொல்லிவிடுவேன். இருபது வருடமாகப் பள்ளியில் பாடம் நடத்தியதன் கோளாறு. அதனாலேயே என் கணவரின் வைத்தியம் இரண்டு நாள் தள்ளிப்போனது.

முதுநகரில் எங்கள் தெருவில் யாருக்குத் தலை வலித்தாலும் முதல் குற்றவாளி கெமிக்கல் நாற்றம்தான். தெற்கே தொழிற்பேட்டை. தென்காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்துவோம், மோர் குடிப்போம், யாரையாவது திட்டுவோம். என் கணவரும் அங்கே ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அதனால், காய்ச்சலும் தலைவலியுமாக லீவு போட்டுப் படுத்தவர், "ரப்பர் எரியற நாத்தம் வருது பாரு" என்றபோது எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. என் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. ஆனாலும், "ஆமாங்க, இன்னிக்கு ஜாஸ்திதான்" என்று ஜன்னலைச் சாத்தி, மாத்திரை கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

மறுநாளும் அதையே சொன்னார். திடீரென்று வருமாம், ஒரு நிமிடம் நிற்குமாம், போய்விடுமாம். ஐப்பசி மழை நேரம் அது. காற்று வடகிழக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து நாற்றம் எப்படி வரும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வேறு, "எனக்குந்தான் மூக்கை அடைக்குது" என்றார். சாட்சியும் கிடைத்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை, கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் என் மகள் சமையலறைக்கு ஓடி வந்தாள். "அம்மா, அப்பா செருப்பைத் தலகாணி மேல வெச்சு அதுகிட்ட பேசிக்கிட்டு இருக்காரு." போய்ப் பார்த்தேன். என்னிடம், "கேட்டைத் தொறக்கச் சொல்லுங்க சார்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, வலது கை வெட்டத் தொடங்கியது.

பக்கத்து டாக்டர் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தி, ஆம்புலன்ஸில் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வழி நெடுகக் கணவரின் மார்பு ஏறி இறங்குகிறதா என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிதம்பரத்தில் எங்களைப் பார்த்த மூளை டாக்டர் ஒரு பெண். "காய்ச்சலோட வேற எதுவும் சொன்னாரா?" என்று கேட்டார்.

"கெமிக்கல் நாத்தம் வருதுன்னாருங்க. எங்க பக்கம் அது சகஜம்."

எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "உங்களுக்கு வந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வந்தது. "இல்லீங்க" என்றேன். மகளும் இல்லையென்று தலையாட்டினாள்.

"மூளையில கிருமி ஏறியிருக்கலாம். வாசனையை உணர்ற எடத்துல வீக்கம் வந்தா இல்லாத நாத்தம்லாம் தெரியும். ஸ்கேன் எடுத்துட்டு, முதுகுத் தண்டுல தண்ணி எடுத்துப் பாக்கணும். ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம், மருந்தை இப்பவே ஆரம்பிச்சிடுவோம்."

அந்த ஊரிலேயே இருக்கும் என் தம்பி வந்து கையைப் பிடித்தான். "முதுகுல தண்ணி எடுத்தா கால் வெளங்காமப் போயிடும்ங்கறாங்க. கையெழுத்துப் போடாதக்கா. மாமாவ வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போலாம்."

"ரெண்டு நாளா நான் டாக்டரா இருந்தது போதும். நீ வேற ஆயிடாத" என்று கத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். உள்ளுக்குள் அவனைவிட எனக்குத்தான் பயம்.

வைரஸ்தான் என்று உறுதியானது. "பொழைச்சுக்குவாரு. ஞாபகம் எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டர். தினமும் மூன்று வேளை மருந்து ஏறியது. என்னை அடையாளம் தெரிகிறதா என்று ஒவ்வொரு வேளையும் அவர் கண்ணையே பார்த்துக் கிடந்தேன்.

ஆறாம் நாள் என்னைப் பார்த்து, "நீ ஸ்கூலுக்குப் போவலியா?" என்றார். வார்டு என்றும் பாராமல் ஓவென்று அழுதேன்.

"பாப்பா எங்க? ஸ்கூல் வேன் வந்துடுச்சா?"

கட்டிலருகே கஞ்சி டம்ளரோடு நின்றிருந்த மகள், "நாந்தாம்ப்பா" என்றாள். அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அவளுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோலத் தணிந்த குரலில், "யாரு இந்தப் பொண்ணு?" என்றார்.

வழக்கம்போல ஒரு காரணம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள் குனிந்து டம்ளரை அவர் உதட்டில் வைத்தாள்.

"நான் பக்கத்து வீடுதாங்க. ஆறிடப்போவுது, குடிங்க."

மறுபேச்சில்லாமல் குடித்தார்.