சோனா யார்?

சித்தப்பா தூக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்கிறார் என்று சித்தி என் அம்மாவிடம் அழுதபோது, நான் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. முன்னும் பின்னும் ஏதோ புரியாத பேச்சாம். நடுவில் சோனா என்று வருமாம்.

சித்தப்பா பெரிய யுத்தத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தில் லாரி ஓட்டி, இத்தாலிவரை போய்வந்தவர். இப்போது உறையூரில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்துகொண்டு துறையூர் பஸ் ஓட்டினார். யுத்தத்தைப் பற்றிக் கேட்டால், பனியில் லாரி சறுக்கியதையும் அந்த ஊர்க்காரர்கள் சேமியாவைக் கயிறு நீளத்துக்குச் சமைப்பதையும் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பார். அதற்கு மேல் ஒன்றும் வராது. சொல்லாமல் விட்ட மிச்சத்தில்தான் அந்தச் சோனா இருக்கிறாள் என்பது சித்தியின் முடிவு. அவளுக்குக் குழந்தை இல்லை. அங்கே அவருக்கு ஒரு குழந்தைகூட இருக்கலாம் என்பதுவரை போய்விட்டாள்.

மலைக்கோட்டைப் பக்கம் ஒரு மாதா கோயிலில் இத்தாலிக்காரப் பாதிரியார் ஒருவர் இருந்தார். சித்தி, ராத்திரியில் சித்தப்பா சொல்லித் தன் காதில் விழுந்ததையெல்லாம் எனக்கு மனப்பாடம் செய்வித்தாள்.

“என் வாயில அது வராது பாப்பா. நீயே சொல்லிடு.”

நான் பாதிரியார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் செய்யுள் சொல்வதுபோல், “நோன் பியாஞ்செரே, சோனா அந்தாத்திவியா” என்று ஒப்பித்தேன். அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சித்திக்குப் பொறுக்கவில்லை.

“சோனா யாருங்க சாமி?”

“அது பேரே இல்லம்மா. ‘அழாதே, அவங்க போயிட்டாங்க’ன்னு அர்த்தம்.”

சண்டைக் காலத்தில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து தேடுவார்களாம். அவர்கள் போனபின் தாய்மார்கள் பிள்ளைகளிடம் சொல்கிற வார்த்தையாம் அது. தம் தாயும் தங்கைகளிடம் அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்றும், தாம் அப்போது இந்த ஊரில் இருந்துவிட்டதாகவும் சொன்னார்.

சித்தி கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் கடைவீதி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு ரிப்பன் வாங்கிக் கொடுத்தாள்.

சாயங்காலம் சித்தப்பாவுக்கு இலை போட்டுவிட்டு, “ஏங்க, ‘நோன் பியாஞ்செரே’ன்னு உங்ககிட்ட யார் சொன்னது?” என்று கேட்டாள்.

பிசைந்த சோறு அவர் கையிலேயே நின்றது. மெதுவாகத்தான் சொன்னார். குண்டு விழுந்து லாரி எரிந்துபோய், வழி தப்பி அலைந்தவரை ஒரு குடியானவப் பெண், உருளைக்கிழங்கு போட்டுவைக்கும் நிலவறையில் ஒளித்துவைத்தாளாம். அவள் புருஷனும் எங்கோ யுத்தத்தில். பிள்ளைகளை முன்பே மலைமேல் அக்காள் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். தலைக்கு மேலே ஜெர்மன் சிப்பாய்கள் நடக்கும் பூட்ஸ் சத்தம் கேட்குமாம். அவர்கள் போனதும் கதவைத் திறந்து, அந்த வார்த்தையைச் சொல்லி, ரொட்டி கொடுப்பாளாம்.

“நல்லா இருக்கட்டும் அந்த மகராசி” என்றாள் சித்தி.

எனக்குத்தான் கதை இடித்தது. பிள்ளைகள் மலைமேல் இருந்தால் நிலவறையில் அழுதது யார் என்று கேட்டேன். ஆறடி உயரமும் முறுக்கிய மீசையுமாக இருந்த சித்தப்பா மோருக்குக் கை நீட்டினார். அவர் சொல்ல மறந்த குழந்தை இன்னொன்று அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.