தோகாஷியின் வேன் ஆமையான காலை

தோகாஷி மித்சுவோ பேருந்து ஓட்டிய காலத்தில், வழிவிட்ட வண்டிக்கு நன்றி சொல்லாமல் கடந்து போனதே இல்லை. ஜப்பானின் வடக்கே, சப்போரோவில் அதற்கு வாய் வேண்டாம். நாலு மூலை விளக்குகளையும் ஒருசேர இரண்டு தடவை மினுக்கினால் போதும், பின்னால் இருப்பவனுக்குப் புரிந்துவிடும். ஓய்வு பெற்று, ஊரின் கிழக்குப் பகுதியில் ஒரு டயாலிசிஸ் மருத்துவமனையின் வேனை ஓட்ட வந்தபிறகுதான் அந்தப் பழக்கத்தின்மேல் அவருக்குச் சந்தேகம் விழுந்தது. வழிகேட்டு நுழைந்தவனும் மினுக்குகிறான், கேட்காமல் குறுக்கே புகுந்தவனும் மினுக்குகிறான். நன்றி, எந்த அழுக்கையும் துடைக்கும் கைத்துணியாகிவிட்டது என்று அவருக்குப் பட்டது. இனி தகுதியுள்ளவனுக்கு மட்டும்தான் என்று இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் முடிவு செய்தார். அவர் மனைவி தோமோயே அதைக் கேட்டுவிட்டு, "அப்ப இந்த வருஷம் பல்பு செலவு மிச்சம்" என்றாள்.

சனிக்கிழமை காலை தொடங்கிய பனிப்புயல் திங்கள் விடிவதற்குச் சற்று முன் நின்றது. நின்றது வானத்தில்தான். தரையில் அப்போதுதான் ஆரம்பம்.

பெரிய சாலைகளில் பனி தள்ளும் வண்டிகள் போய் வந்திருந்தன. தள்ளிய பனி இரண்டு பக்கமும் ஆள் உயரச் சுவராக நின்றது. இரண்டு தடம் ஓடிய சாலை ஒன்றரைத் தடமாகச் சுருங்கிவிட்டது. சாலையின் ஓரம் எது என்று காட்டத் தலைக்குமேல் தொங்கும் சிவப்பு வெள்ளை அம்புகள், பனிச்சுவரின் நடுவயிற்றைக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தன. சிக்னல்களுக்கு முன்னால் டயர்கள் நின்று நின்று கிளம்பித் தேய்த்ததில் தரை கண்ணாடியாகியிருந்தது. பச்சை விழுந்தால் வண்டிகள் முதலில் இருந்த இடத்திலேயே சுழன்றன, பிறகு யோசித்துக்கொண்டே நகர்ந்தன, நான்கைந்து வண்டி கடப்பதற்குள் சிவப்பு விழுந்தது.

முதலில் ஏற வேண்டியவர் மினோவா. மத்தியச் சந்தையில் மீன் ஏலம் கூவியவர். சிறுநீரகம் போனாலும் குரல் போகவில்லை. அடுக்குமாடி வாசலில் காதுவரை மூடிய தொப்பியோடு நின்றிருந்தார்.

"என்ன டிரைவர், நடந்து வந்திருந்தா முன்னாடியே வந்திருப்பீங்க போல."

"நீங்களும்தான் நடந்து போயிருக்கலாம், மினோவா சான்."

"எனக்கு உடம்பு சரியில்ல. அதுக்குத்தானே உங்களை வச்சிருக்காங்க." மினோவா முன் இருக்கையில் ஏறிப் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். "காஷிவாகி அம்மாவை ஏத்தணும்ல? அந்தச் சந்து எப்படி இருக்கோ."

"எப்படி இருக்கும். அந்த மூலைவீட்டுக்காரன் இருக்கான்ல, அவன் வீட்டுப் பனியெல்லாம் ரோட்டுல கிடக்கும்."

காஷிவாகி ஃபுசாஏ தனியாக வாழும் அம்மாள். அவர் வீடு குறுகலான ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. சந்தின் முனையில் இருப்பவர் நுமாதா. தன் கார் நிறுத்தும் இடத்தில் விழும் பனியை அகன்ற தள்ளுவாரியால் அள்ளிச் சந்தின் நடுவில் கொட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். ரோட்டில் பனி கொட்டக் கூடாது என்று நகராட்சி வருடாவருடம் துண்டுச்சீட்டு போடுகிறது. எல்லோரும் படிக்கிறார்கள், எல்லோரும் கொஞ்சம் கொட்டுகிறார்கள், நுமாதா அளவுக்கு யாரும் கொட்டுவதில்லை. தோகாஷி அவரைப் பார்த்து ஹாரன் அடிப்பதும், நுமாதா பணிவாகத் தலைகுனிந்துவிட்டு மறுநாளும் கொட்டுவதும் சில குளிர்காலங்களாக நடந்துவந்தது.

பள்ளிக்கூடத்தை ஒட்டிய தெருவில் ஒரு வெள்ளைக் கார் எதிரே வந்து மூக்கோடு மூக்காக நின்றது. ஒரு வண்டிக்கு மட்டும்தான் இடம். யாருக்குப் பின்னால் ஒதுங்க இடம் அருகில் இருக்கிறதோ, அவர்தான் பின்வாங்க வேண்டும். வெள்ளைக் காருக்குப் பின்னால் ஒரு கடையின் வாசல் அகலமாகத் திறந்துகிடந்தது. ஓட்டி வந்த பெண் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு தோகாஷியையே பார்த்தாள். அவளுக்குப் பின்னோக்கி ஓட்டத் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு அழுதுரும். நீங்களே போங்க" என்றார் மினோவா.

தோகாஷி பற்களைக் கடித்துக்கொண்டு முந்தைய தெருமுனை வரைக்கும் பின்வாங்கினார். பின்சக்கரம் தடத்திலிருந்து வழுக்கி ஏறி, வேன் பனிச்சுவரில் உரசிக்கொண்டு நின்றது. கார் கடந்துபோனது. போகும்போது நாலு விளக்கும் மினுங்கின, இரண்டு தடவை.

"நன்றி சொல்றா பாருங்க."

"நன்றியை வச்சு நான் என்ன பண்றது."

அடுத்த சிக்னலில் நிற்கும்போது வேனில் பொருத்திய போன் ஒலித்தது. செவிலி ஹோரிகாவா.

"தோகாஷி சான், காஷிவாகி அம்மா இன்னைக்கு வரலையாம். அவங்களே போன் பண்ணாங்க. இவ்வளவு பனியில டிரைவரைச் சிரமப்படுத்த வேணாம், உடம்பு நல்லா இருக்குன்னாங்க. நாளைக்கு மெஷின் காலியானா பார்க்கலாம்னு டாக்டரும் சொல்லிட்டார். நீங்க மினோவா சானை மட்டும் கூட்டிட்டு வந்துருங்க."

"சரி" என்றார் தோகாஷி.

அந்தச் சரியில் இருந்த நிம்மதி அவருக்கே கேட்டது. சந்துக்குள் போக வேண்டாம், நுமாதா முகத்தில் விழிக்க வேண்டாம். நல்லவராக இருக்கும் கடமையிலிருந்து மனிதனை விடுவிக்கும் செய்தி, எவ்வளவு மோசமான செய்தியாக இருந்தாலும், காதுக்கு இனிமையாகத்தான் விழுகிறது. சந்தின் முனை இடப்பக்கம் வந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோனார்.

மினோவா பின்னால் நழுவிப்போன சந்துமுனையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அந்த அம்மாவுக்கு தெற்கே எஹிமேல இருந்து மக பெட்டி அனுப்பியிருக்கா, தெரியுமா?" என்றார்.

"என்ன பெட்டி?"

"ஆரஞ்சு. வெள்ளிக்கிழமை பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு என்கிட்ட சொன்னாங்க. எல்லாருக்கும் கொடுத்துருவேன், நான் தொடமாட்டேன்னாங்க. அப்புறம் பனி கொட்ட ஆரம்பிச்சிருச்சு. யாருக்குப் போய்க் கொடுத்திருப்பாங்க?"

போர்வை தொங்கும் சூடேற்றிய மேசைக்கடியில் காலை நீட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், கை தானாக ஆரஞ்சை உரிக்கும். தோகாஷியின் வீட்டிலும் நேற்று அப்படித்தான் ஒரு கூடை தீர்ந்தது. ஆனால் அவருக்குச் சிறுநீரகம் வேலை செய்கிறது. காஷிவாகி அம்மாளுக்கு வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ரத்தம் சுத்தமாகவில்லை. பழத்தில் உள்ள பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும். ஓர் அளவு தாண்டினால், எந்த வலியும் காட்டாமல், இதயம் நின்றுவிடும்.

"என் கட்டில்ல எனக்கு முன்னாடி படுத்திருந்தவர் வாழைப்பழத்துல போனார். நல்லாத்தான் இருக்கேன்னு அவரும் சொன்னாராம்" என்றார் மினோவா.

தோகாஷி போனை அழுத்தினார். "ஹோரிகாவா சான், காஷிவாகி அம்மாகிட்ட எத்தனை தடவை கேட்டீங்க?"

"என்னது?"

"வாங்கன்னு எத்தனை தடவை சொன்னீங்க?"

"ஒரு தடவை. காலையில எல்லா லைனும் அடிச்சிட்டிருந்துச்சு. அவங்க நல்லா இருக்கேன்னாங்களே."

"முதல் தடவை எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நீங்க பிறந்ததும் இந்த நாட்டுலதானே? டீ வேணுமான்னு கேட்டாக்கூட மூணாவது தடவைதான் ஆமான்னு வரும்."

ஹோரிகாவா பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. "கூட்டிட்டு வாங்க. படுக்கையைத் தயாரா வைக்கிறேன். கை கால் மரத்துப்போகுதா, பலவீனமா இருக்கான்னு கேளுங்க. இருந்தா உடனே கூப்பிடுங்க."

திரும்புவது சுலபமாக இல்லை. வலப்பக்கம் திரும்ப எதிர்வரிசை வழிவிட வேண்டும், பனிச்சுவருக்கு மேலாக எதிர்வரிசையே தெரியவில்லை. மினோவா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, ஏலம் கூவிய குரலில் வழி கேட்டார். ஒரு லாரிக்காரன் நின்றான். அவனுக்குத் தோகாஷி மினுக்கினார். அன்றைக்கு அதுவே முதல்.

சந்து அவர் எதிர்பார்த்ததைவிட மோசம். பெரிய சாலையைத் தள்ளிய வண்டி, சந்தின் வாயில் கட்டிகட்டியாக ஒரு மேட்டை விட்டுப்போயிருந்தது. அதைத் தாண்டினால் நுமாதாவின் வீட்டுப் பனி, புதிதாகக் கொட்டியது, சந்தின் நடுவில் பொதிபொதியாகக் கிடந்தது. நுமாதா தள்ளுவாரியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

வேனை வெளியே நிறுத்திவிட்டு நடந்து போயிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் கைத்தடி ஊன்றி நடப்பவர், முழங்கால் அளவு பனியில் எப்படி வருவார். தோகாஷி வேகம் கூட்டி மேட்டில் ஏறினார். முன்சக்கரம் தாண்டியது. வேனின் வயிறு மேட்டில் உட்கார்ந்தது. சக்கரங்கள் காற்றில் சுழல்வதுபோலச் சுழன்றன. அதற்கு அந்த ஊரில் பெயர் இருக்கிறது: வண்டி ஆமையாகிவிட்டது.

அவர் கதவைப் பனியில் இடித்துத் திறந்து இறங்கினார்.

"நுமாதா சான், இது உங்க பனிதானே?"

"மன்னிக்கணும்."

"வருஷம் வருஷமா மன்னிச்சிட்டேன். அந்தக் கடைசி வீட்டுல ஒரு அம்மா இருக்காங்களே, அவங்க செத்தா அதுக்கும் மன்னிக்கணும்னு சொல்வீங்களா?"

நுமாதா தலைகுனிந்தார். தோகாஷிக்கு இன்னும் கோபம் வந்தது. எதிர்த்துப் பேசுகிறவனோடு சண்டை போடலாம். குனிகிறவனோடு என்ன செய்வது.

"எனக்கு வேற எங்க கொட்றதுன்னு தெரியல. பின்னாடி இடமில்ல. முதுகும் போச்சு" என்றார் நுமாதா, தரையைப் பார்த்தபடியே. பிறகு உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார் என்று தோகாஷி நினைத்தார். அவர் இரண்டு பனிவாரிகளோடும், பீர்ப் பெட்டி இழுக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் சறுக்குத்தட்டோடும் வந்தார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தம்பதியும் வந்துவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கணவர் சந்துமுனையில் நகராட்சி வைத்திருந்த பெட்டியிலிருந்து மணல் பை எடுத்துவந்து சக்கரத்தடியில் கொட்டினார். அவர் மனைவி வேனின் வயிற்றடியில் மண்டியிட்டுச் சுரண்டினாள். மினோவா இறங்காமல், ஜன்னல் வழியாக எல்லோருக்கும் உத்தரவு போட்டார்.

"இடப்பக்கம், இடப்பக்கம். அது வலப்பக்கம், அக்கா."

தோகாஷியும் நுமாதாவும் சறுக்குத்தட்டை இழுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்கு நடந்தார்கள். நுமாதா முன்னால் போய்ப் பனியை மிதித்து வழி செய்தார். ஓரிடத்தில் நின்று முதுகைப் பிடித்துக்கொண்டார். தோகாஷி அதைப் பார்த்தார், பார்க்காததுபோல நின்றார்.

காஷிவாகி அம்மாள் கதவைத் திறந்ததும் தலை குனிந்தார். "வர வேணாம்னு சொன்னேனே. ஐயோ, நுமாதா சானும். எல்லாருக்கும் எவ்வளவு தொந்தரவு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"கிளம்புங்கம்மா."

"நாளைக்குக்கூடப் போகலாம்."

"கிளம்புங்க."

"ரோடு இப்படி இருக்கிறப்ப..."

"மூணு தடவை ஆயிருச்சு. கோட்டை எடுங்க" என்றார் தோகாஷி.

அந்த அம்மாள் கோட்டை எடுக்கத் திரும்பினார். ஒரு கை பொத்தானைப் பிடிக்க முடியாமல் நழுவி நழுவி வந்தது. தோகாஷி உள்ளே எட்டிப்பார்த்தார். மேசையருகே அட்டைப்பெட்டி. பக்கத்தில் விரித்த செய்தித்தாளில் தோல்கள் குவிந்திருந்தன.

"பெட்டியில எவ்வளவு மிச்சம்மா?"

அம்மாள் கோட்டின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். "பனி பெய்யறப்ப வேற என்ன செய்யறது" என்றார் மெதுவாக.

தோகாஷி மருத்துவமனைக்குப் போன் செய்து கையைப் பற்றிச் சொன்னார். ஆம்புலன்ஸ் எப்போது வந்துசேரும் என்று தெரியாது, நீங்களே வாருங்கள், வழியில் தலைசுற்றினால் உடனே நிறுத்திக் கூப்பிடுங்கள் என்றாள் ஹோரிகாவா.

சறுக்குத்தட்டில் போர்வை சுற்றி உட்காரவைத்து இழுத்தார்கள். அம்மாள் வழியெல்லாம் ஒவ்வொரு வீட்டைப் பார்த்தும் தலைகுனிந்துகொண்டே வந்தார். வேன் அதற்குள் மேட்டிலிருந்து இறக்கப்பட்டிருந்தது.

"வந்துருச்சு பார்சல். சின்ன டூனா மீன், விலை சொல்லுங்க" என்றார் மினோவா.

"சும்மா இருங்க, மினோவா சான்" என்றார் அம்மாள். சிரித்ததுபோல இருந்தது, சரியாகத் தெரியவில்லை.

நுமாதாவும் எதிர்வீட்டுத் தம்பதியும் தள்ள, வேன் பின்னோக்கிச் சந்திலிருந்து வெளியேறியது. பெரிய சாலையில் வண்டியைத் திருப்பி நிமிர்த்தியபோது நுமாதா முனையில் பனிவாரியை ஊன்றிக்கொண்டு நின்றார். இந்த ஆளுக்கு நன்றியா, தன் பனியைத் தானே அள்ளியதற்கா என்று தோகாஷி யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் கை பொத்தானை அழுத்தியிருந்தது. விளக்குகள் இரண்டு தடவை மினுங்கின. அவருக்குத் தன் கையின்மேல் எரிச்சல் வந்தது.

மருத்துவமனை வாசலில் ஹோரிகாவா சக்கர நாற்காலியோடு நின்றாள். வழக்கமாக எடை பார்த்துப் பெயர் கூப்பிடும்வரை உட்காரவைப்பார்கள். அன்று நேராக உள்ளே கொண்டுபோனார்கள். மார்பில் வயர்களை ஒட்டி இதயத்தைப் பார்த்த டாக்டர் நடையை வேகப்படுத்தினார். முற்பகல் முடியும்போது, தேநீர் குடித்துக்கொண்டிருந்த தோகாஷியிடம் ஹோரிகாவா வந்து, "நாளைக்குன்னு விட்டிருந்தா கஷ்டம்தான்" என்றாள்.

பிற்பகலில் மினோவாவை வீட்டில் இறக்கிவிட்டு, காஷிவாகி அம்மாளோடு சந்துக்கு வந்தார். சந்துப் பனியை யாரோ நேர்த்தியாகத் தள்ளிச் சுத்தம் செய்திருந்தார்கள். மறுபடி பனி தூறத் தொடங்கியிருந்தது. முனையில் நுமாதா, தன் வாசலில் சேர்ந்த பனியைத் தள்ளுவாரியில் நிரப்பி, சுத்தமான அந்தச் சந்தின் நடுவில் கொட்டிக்கொண்டிருந்தார்.

தோகாஷி ஹாரனை அழுத்தினார். கையை எடுக்கவே இல்லை.

நுமாதா நிமிர்ந்து, வேனை அடையாளம் கண்டு, முதுகைப் பிடித்துக்கொண்டே ஆழமாகத் தலைகுனிந்தார்.

"பாருங்க, எவ்வளவு மரியாதையான மனுஷன்" என்றார் பின்னாலிருந்து காஷிவாகி அம்மாள்.

தோகாஷி இறங்கிப்போய், வேனில் எப்போதும் வைத்திருக்கும் பனிவாரியை எடுத்து அந்தக் குவியலைத் திட்டிக்கொண்டே ஓரத்துக்கு அள்ளினார். பிறகு கடைசி வீடுவரை ஓட்டிப்போய் அம்மாளை இறக்கிவிட்டு, மீதியிருந்த ஆரஞ்சுகளைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து வேனில் வைத்தார்.