முழு வருகைக் கேடயம்

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு கோழி தும்மினால் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கோழியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். பண்ணை ஷெட்டைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூள் விழும். வாசலில் மருந்துத் தண்ணீர் வைப்பார்கள். அதில் காலை நனைக்காமல் உள்ளே போனால் முதலாளியையே சூப்பர்வைசர் அதட்டலாம், தப்பில்லை. டாக்டர் வண்டியை விரட்டிக்கொண்டு வருவார். கோழி கண்ணைத் திறக்கிறதா என்று நாலு பேர் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதே ஊரில் ஒரு டீச்சர் தும்மினால், பத்தாம் வகுப்புக்கு மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் நடக்கும்.

ஆக, கோழியாகப் பிறக்காதது ஆன்சி டீச்சர் செய்த முதல் பிழை. சேலத்தில் ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்த தோமினிக்கின் மகளாகப் பிறந்தார். கணக்குப் படித்தார். லாரி ஓட்டும் பிரான்சிஸைக் கட்டிக்கொண்டார். பிறகு முட்டையில் சம்பாதித்து அறிவில் முதலீடு செய்த அன்பரசு என்பவரின் பள்ளியில் வந்து சேர்ந்தார். தினமும் சேலத்திலிருந்து பஸ். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் மாதா கோவில் வாசலிலும் ஏதாவது ஒரு பையன் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பான். அடிக்க மாட்டார். மைனஸ் குறியை விட்டுவிட்ட பையனை எழுப்பி, "ஏண்டா கண்ணு, உங்கம்மா உன்னைய பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போனா நீ சும்மா இருப்பியா? இதை மட்டும் நடு ரோட்டுல விட்டுட்டு வர்றியே," என்று கேட்பார். அந்தப் பையன் அதன்பின் மைனஸை விடவே மாட்டான். தேவையில்லாத இடத்திலும் சேர்த்துப் போடுவான்.

அவருடைய இரண்டாவது பிழை மரியாதை. இருமல் வந்தால் வகுப்பில் இரும மாட்டார். கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு, மைதானத்தைக் கடந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் இருமிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, விட்ட வரியிலிருந்து பாடத்தைத் தொடங்குவார். இதெல்லாம் ஜோதிக்குத் தெரியும். ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலி அவளுடையது. அறிவியல் எடுப்பவள்.

மழையோடு காய்ச்சல் வந்தது. முதலில் பிள்ளைகளுக்கு, பிறகு டீச்சருக்கு. ஆன்சி டீச்சர் தாளாளர் அன்பரசுவிடம் லீவு கேட்டார்.

"அரைப்பரீட்சை வருதுங்களே டீச்சர்," என்றார் அன்பரசு. "சுக்குக் காப்பி குடிங்க. எல்லாஞ் செரியாப் போயிரும்."

பெற்றோர் சங்கத் தலைவர் காத்தவராயன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நாலு லாரியும் பத்தாம் வகுப்பில் ஒரு மகனும் உடையவர். "எம்பையன் கணக்குல பாஸாகற வரைக்கும் நீங்க தும்மக்கூடக் கூடாதுங்க," என்று சொல்லிச் சிரித்தார். ஆன்சி டீச்சரும் சிரித்துவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் போனார்.

அந்த வாரம் முழுக்க வந்தார். அடுத்த வாரம் சேலத்து ஆஸ்பத்திரியில் மூச்சுக் கருவியோடு கிடந்து இறந்துபோனார். சளி நுரையீரலுக்கு இறங்கிவிட்டது, காய்ச்சலை முற்றவிட்டுவிட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். சளிதான் காரணம் என்று கேள்விப்பட்டதும் ஊருக்குப் பெரிய நிம்மதி. சளிக்கு இந்த ஊரில் சொந்தக்காரர் யாரும் இல்லை.

சேலம் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்த மறுநாள் நாமகிரிப்பேட்டை துக்கத்தில் இறங்கியது. இறங்கினால் முழுசாக இறங்குகிற ஊர். பஸ் நிறுத்தம் முதல் பள்ளி வாசல் வரை கண்ணீர் அஞ்சலி பேனர்கள். "காய்ச்சலிலும் கடமை தவறாத கணித மேதையே!" என்று எழுதி, கீழே அஞ்சலி செலுத்துவோரின் படங்கள் வரிசை வரிசையாக, கூலிங் கிளாஸோடு, கைகூப்பி, ஒருவர் மட்டும் செல்போனில் பேசியபடி. எல்லோருக்கும் போக மிச்சமிருந்த மூலையில், தபால்தலை அளவுக்கு, இறந்தவரும் இருந்தார். பேனர் கடைக்காரர் பழைய பேனர் ஒன்றில் படத்தை மட்டும் மாற்றியிருந்ததால் ஆன்சி டீச்சர் சிவலோகப் பதவி அடைந்திருந்தார். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர் என்று யாரோ எடுத்துச் சொன்னபிறகு, அந்த வரியின்மேல் இறக்கை வைத்த ஒரு குழந்தையின் படத்தை ஒட்டினார்கள்.

அஞ்சலிக் கூட்டத்தன்று காலையில் எழுந்தபோதே ஜோதிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. தொண்டையில் முள். அவளுக்குப் பயமாக இருந்தது. இந்தக் காய்ச்சல் எந்த வழியாகப் போய் எங்கே முடியும் என்று பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தவள். போதாக்குறைக்கு, ஆன்சி டீச்சரின் ஸ்பெஷல் கிளாஸும் இப்போது அவள் தலையில்தான். அன்பரசுவின் அறைக்குப் போனாள்.

"சார், ரெண்டு நாள் லீவு வேணுங்க. காச்சலுங்க."

அன்பரசு அவளை வருத்தத்தோடு பார்த்தார். "ஏனுங்க அம்மிணி, இன்னிக்கா? ஆன்சி டீச்சர் கூட்டத்தன்னிக்கு நீங்க லீவு கேட்டா அந்த ஆத்மா என்ன நினைக்குமுங்க?"

"அந்த ஆத்மாவும் லீவுதானுங்க சார் கேட்டுச்சு."

இந்தப் பதில் அவர் காதில் விழுவதற்குள் போன் அடித்தது. அவருடைய கோழிப்பண்ணையிலிருந்து சூப்பர்வைசர். மூன்றாவது ஷெட்டில் ஒரு கோழி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறதாம். அன்பரசு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"தனியா எடுத்து வெய்யி! கிட்ட ஒருத்தரையும் உடாதே! சுண்ணாம்பைப் போடு! டாக்டரைக் கூப்புடு, கேக்கறதைக் குடு! கூட்டம் முடிஞ்சதும் நானே வாரேன்!"

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை ஜோதி பார்த்தாள். ஆன்சி டீச்சர் செத்த சேதி வந்த அன்றுகூட அது அவ்வளவு கலங்கவில்லை.

"என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், ஒரு நல்ல சேதி. ஆன்சி டீச்சர் பேர்ல ஒரு கேடயம் வெக்கப் போறமுங்க. முழு வருகைக் கேடயம்! வருசத்துல ஒரு நாள்கூட லீவு போடாத டீச்சருக்கு. நீங்கதான் இப்ப முன்னால நிக்கறீங்க. ரெண்டு நாள் லீவப் போட்டு அதைக் கெடுத்துக்காதீங்க சாமி."

லீவு கிடைக்காமல் செத்தவர் பேரில், லீவு எடுக்காதவருக்குப் பரிசு. எவ்வளவு யோசித்தாலும் இப்படி ஒன்று சாதாரண மூளைக்குத் தோன்றாது. அதற்குப் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும்.

மைதானத்தில் பந்தல். வேப்பமரத்தில் ஒலிபெருக்கி. முன்வரிசையில் பிரான்சிஸை உட்காரவைத்துச் சால்வை போர்த்தியிருந்தார்கள். சால்வையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மேடையில் அன்பரசு, காத்தவராயன், பேனரில் இருந்த முகங்களில் பாதி. இருப்பது ஒரே மைக். ஒவ்வொருவரும் அதை வாயோடு வாய் வைத்துப் பேசிவிட்டு அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். காய்ச்சலில் இறந்தவருக்கு இதைவிடப் பொருத்தமாக அஞ்சலி செய்ய முடியாது.

காத்தவராயன் முழங்கினார். "உடம்பு நெருப்பாக் கொதிச்சுதுங்க! வந்தாங்களா இல்லீங்களா? வந்தாங்க! அவுங்க டீச்சருங்க! இன்னிக்கு இருக்கறவங்க ஒரு தும்மல் வந்தா லீவு சீட்டைத் தூக்கிட்டு ஓடியாறாங்க!"

கைதட்டல். இரங்கல் கூட்டத்தில் கைதட்டக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். அந்த நல்ல கருத்துக்கும் கைதட்டினார்கள்.

அடுத்து அன்பரசு கேடயத்தைத் தூக்கிக் காட்டினார். "இதை வாங்கறதுக்கு முன்னால நிக்கற ஜோதி டீச்சர் இப்ப ரெண்டு வார்த்தை பேசுவாங்க."

ஜோதி மைக் முன் வந்து நின்றாள். வாயைத் திறந்ததும் அடிவயிற்றிலிருந்து இருமல் கிளம்பியது. கை தானாகக் கைக்குட்டையைத் தேடி எடுத்து வாயைப் பொத்தியது. கண் தானாகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தது. மைதானத்தைக் கடந்தால் போதும், தொட்டிக்குப் பின்னால் போய் இருமிவிட்டு வரலாம். யாருக்கும் தொந்தரவு இல்லை. நாளைக்கும் அப்படி வரலாம். அதற்கு அடுத்த நாளும்.

ஜோதி வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். நாலாக மடித்தாள். இடுப்பில் செருகிக்கொண்டு, மைக்கைப் பார்த்து இருமினாள்.

வேப்பமரத்துக் காக்கைகள் ஒன்றுவிடாமல் எழும்பிப் பறந்தன. ஊர் எல்லை வரை கேட்டிருக்கும். மூன்று முறை, சேர்த்து வைத்ததையெல்லாம் இருமிவிட்டு, அவள் நிதானமாகப் பேசினாள்.

"மன்னிச்சுக்குங்க. ஆன்சி டீச்சருக்கு வந்த அதே காச்சல்தானுங்க. காலையில லீவு கேட்டனுங்க. கேடயந் தரேன்னாங்க."

கடமையின் பெருமையை முழங்கிய காத்தவராயன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் ஆளாக மேடையிலிருந்து குதித்தார். பேனர் முகங்கள் பின்னாலேயே இறங்கின. ஒருவர் செருப்பை விட்டுவிட்டே போனார். சற்றுமுன் அந்த மைக்கில் வாய் வைத்தவர்கள் தண்ணீர்க் குழாயில் முண்டியடித்து உதட்டைத் தேய்த்தார்கள். பயந்துபோன அன்பரசுவுக்குத் தாளாளர் என்ற எண்ணம் போய், பிழைக்க வைத்த தொழில் கைகொடுத்தது.

"தனியா எடுத்து வெய்யி!" என்று அலறினார். "கிட்ட ஒருத்தரையும் உடாதே! சுண்ணாம்பைப் போடு! டாக்டரைக் கூப்புடு! காரை எடுத்து டீச்சரை ஊட்ல கொண்டுபோய் உடு, நான் சொல்ற வரைக்கும் இந்தப் பக்கமே வரப்படாது!"

ஜோதியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புத் தூள் விழுந்தது. அந்தப் பள்ளியில் ஒரு டீச்சருக்குக் கோழிக்குரிய மரியாதை கிடைத்தது அதுதான் முதல் முறை.

கார் வரும்வரை அவள் கிட்டே வந்தவர் பிரான்சிஸ் ஒருவர்தான். சுண்ணாம்பை மிதித்துக்கொண்டு வந்து, கையில் இருந்த சால்வையை அவள் தோளில் போட்டார்.

"லீவு குடுத்துட்டாங்களா டீச்சர்?"

"குடுத்துட்டாங்கண்ணா."

"அவ வீட்லயும் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் இருமுவா. எனக்கே கேக்காது," என்றார் பிரான்சிஸ். பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

ஜோதி மருந்து சாப்பிட்டு, கஞ்சி குடித்து, தூங்கி, பிழைத்து எழுந்தாள். கேடயம் இன்னும் அன்பரசுவின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. வாங்க ஆள் இல்லை. அந்தப் பள்ளியில் இப்போதெல்லாம் லீவுக்கு யாரும் சீட்டு எழுதுவதில்லை. தாளாளர் அறை வாசலில் நின்று, வாயைப் பொத்தாமல் ஒரு தடவை இருமுகிறார்கள். "போங்க, போங்க, ஊட்டுக்குப் போங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. இத்தனை சுலபம் அது. ஆன்சி டீச்சர்தான் தெரியாமல் தொட்டிக்குப் பின்னால் போய் இருமியிருக்கிறார்.