காய்ச்சல் பாய்

பினாங்கு வெல்ட் கீ படகுத்துறைக்குப் பின்னால் கமாலுதீன் பழைய சாடிகள் விற்றுவந்தார். கப்பல்களில் குடிதண்ணீர் வைத்திருந்த பெரிய சாடிகள் அவை. ரங்கூனிலிருந்து வரும் கப்பலாட்கள் மலிவாகத் தள்ளிவிட்டுப் போவார்கள். நல்லவற்றை நகரத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் படகில் கடலுக்கு அக்கரையிலிருந்த பெருநிலத்துக்கு ஏற்றி, மாட்டுவண்டியில் நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோவார். கூலிகள் குடியிருந்த லயங்களில் குழாய் கிடையாது என்பதால் சாடிக்கு எப்போதும் கிராக்கி இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு வருஷம் காய்ச்சல் வந்தது. முதலில் துறைமுகக் கூலிகள் படுத்தார்கள். பிறகு மார்க்கெட் ஸ்திரீட் துணிக்கடைக்காரர்கள். பிறகு அக்கரை. மூட்டு மூட்டாக வலித்தது. கண்ணைத் திருப்ப முடியவில்லை. பெரும்பாலோர் பிழைத்து, நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனார்கள். கமாலுதீனுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. சின்ன வயதில் ரங்கூனில் அவருக்கு அது வந்து போயிருந்ததால் இப்போது தொற்றவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

தோட்டத்தில் அவர் வண்டி நுழைந்ததும் கதவுகள் சாத்திக்கொண்டன. பால்மரம் வெட்டும் சவுந்தரம் மட்டும் வாசலில் நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க பாய். நீங்க வந்துட்டுப் போனா, பின்னாலயே காய்ச்சல் வருது. இங்க எல்லாரும் உங்களைக் காய்ச்சல் பாய்ன்னுதான் சொல்றாங்க."

"நான் சாடிதானே விக்கிறேன்மா," என்றார்.

வீட்டுக்கு வந்தால் மகள் ஆயிஷா காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தாள். தானேதான் காய்ச்சலைச் சுமந்து திரிகிறோமோ என்று கமாலுதீனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மனைவி சலேஹா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், பாயைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போய்ச் சாடிகளுக்கு நடுவில் படுத்தார். மகள் தேறும்வரை வாசலில் நின்றே விசாரித்துவிட்டுத் திரும்பினார்.

அந்த நாட்களில்தான் நகரசபையின் கொசு இன்ஸ்பெக்டர் வின்சென்ட் கடைக்கு வந்தார். மழைத்தண்ணீர் தேங்கிய சாடி ஒன்றில் எட்டிப் பார்த்தார். உள்ளே புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அவைதான் கொசுவாகின்றன, அந்தக் கொசுதான் காய்ச்சலைப் பரப்புகிறது, காய்ந்த சாடியிலும் முட்டை ஒட்டிக்கொண்டே ஊர் போகும், தண்ணீர் ஊற்றினால் பொரிக்கும் என்று விளக்கினார்.

கமாலுதீன் தானும் குனிந்து சாடிக்குள் பார்த்தார்.

"அப்போ காய்ச்சலைக் கொண்டுபோனது நான் இல்லலா. சாடிதான்."

"சாடி தானா நடந்து போகலையே அண்ணே," என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுவாரம் கமாலுதீன் மறுபடியும் தோட்டத்துக்குப் போனார். இந்த முறை வண்டியில் பலகை மூடிகளும், தேய்க்கத் தேங்காய் நாரும் இருந்தன. காசு வேண்டாம் என்றதும் சந்தேகம் இன்னும் கூடியது. சவுந்தரம்தான் முதலில் ஒரு மூடி வாங்கினாள். அவளுடைய சாடியை அவரே கவிழ்த்து, உட்பக்கத்தைக் கை வலிக்கத் தேய்த்துக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் கதவைத் திறந்தார்கள். அங்கே காய்ச்சல் மெல்லக் குறைந்தது. பெயர் குறையவில்லை. சாடி வாங்குகிறவர்கள்கூட அப்படியே கூப்பிட்டார்கள்.

ஆனால் காய்ச்சல் நிற்கவில்லை. அக்கரையில் பிறை ஸ்டேஷனில் ரயிலேறித் தெற்கே போய்விட்டது. தைப்பிங்கில் வீட்டுக்கு வீடு படுத்துக் கிடக்கிறார்கள் என்று படகுத்துறையில் பேசிக்கொண்டார்கள். கமாலுதீன் வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

"சலேஹா, தைப்பிங்ல காய்ச்சலாம். நான் அந்த ஊர்ப் பக்கமே போனதில்ல."

"அங்க சனங்க அவதிப்படுது. உங்களுக்குச் சந்தோஷமா?"

அவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். என்றாலும் அன்றைக்கு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.