மகள் கையில் நான் கொடுத்த தீப்பெட்டி

நாங்கள் வங்காளிகள் நிறைந்த டாக்குரியாவில் குடியிருக்கிறோம். கணவருக்கு வெளியூரில் வேலை. நான் ஆபீஸிலிருந்து வீடு திரும்ப ஆறரை ஆகும். குளிர்காலத்தில் இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும். விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு இருண்டு கிடக்கக் கூடாதென்று, ஒன்பது வயது மகளிடம் தீப்பெட்டியைக் கொடுத்து, சாமி விளக்கை ஏற்றப் பழக்கியது நான்தான்.

ஒருநாள் திரைச்சீலையில் தீப்பிடித்துவிட்டது. நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளிப் பெரியம்மா தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, ஆபீஸுக்குப் போன் செய்தார். டாக்ஸி பிடித்து ஓடி வந்தேன். குழந்தை, கை தவறியிருக்கும் என்று நினைத்தேன்.

மறுவாரம் மறுபடியும் போன். இந்த முறை எரிந்தது பால்கனியில் கிடந்த பழைய பேப்பர். அங்கே விளக்கே கிடையாது. எனக்கு வந்த கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன்.

"நீயே கொளுத்தினியாடி?"

அவள் அழவில்லை. "அன்னிக்கு நெருப்புப் பிடிச்சப்போ நீ சீக்கிரம் வந்தியேம்மா" என்றாள்.

ஓங்கிய கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது பள்ளி விட்டதும் அவள் மாஷிமா வீட்டுக்குப் போய்விடுகிறாள். எங்கே தீயைக் கண்டாலும் அணைக்க நிற்காமல், வெளியே ஓடிப் பெரியவர்களைக் கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தீப்பெட்டி என் கைப்பையில் இருக்கிறது. நான் வந்த பிறகு இருவரும் சேர்ந்துதான் விளக்கேற்றுகிறோம். அதுவரை வீடு இருட்டாகவே இருக்கட்டும்.